முத்து விலாஸும் மீசை எழுத்தும்

"…அப்படின்னா அந்த முத்துவ நானும் ஒரு தடவ கண்ணால பாத்துடுறேன். எங்க இருக்காரு? உள்ளயா? கூப்புடு!"

அஞ்சலை அக்கா இதைச் சொன்னபோது அவர் கையில் குழம்புக் கரண்டி இருந்தது. தன் கடை அடுப்படியிலிருந்து, அதைக் கீழே வைக்க மறந்தே தெருவைத் தாண்டி வந்திருந்தார். வந்த வழி நெடுக, கோலத்துக்குப் புள்ளி வைத்ததுபோல் சிவப்புச் சொட்டுகள்.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில் இரண்டு சாப்பாட்டுக் கடைகள் எதிரெதிராக நிற்கின்றன. இந்தப் பக்கம் அஞ்சலை மெஸ். அந்தப் பக்கம் முத்து விலாஸ். அன்று ஞாயிற்றுக்கிழமை மதியம். முத்து விலாஸில் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக ஒரு கூட்டம் இலை முன்னால் உட்கார்ந்திருந்தது. நடு நாற்காலியில் சொல்தா ஐயா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்களை நாங்கள் சொல்தா என்போம். அவர்களுக்குப் பென்ஷன் அங்கிருந்து வரும், கோபம் இங்கிருந்து வரும்.

இரண்டு கடைக்கும் நடுவில், வெயிலில், நான். இரண்டு கடையின் பலகையும் நான் செய்தவை. எந்தப் பக்கம் போய் நிற்பது என்று தெரியாமல் சாக்கடை மூடியின் மேல் நின்றிருந்தேன்.

அந்த முத்து வெளியே வந்தாரா, வந்த பிறகு அக்கா என்ன செய்தார் என்று சொல்வதற்கு முன்னால், ஒரு மீசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மீசை வந்த வழி

இந்தத் தொடரை நடுவில் பிடித்தவர்களுக்கு ஒரு வரி. நான் பத்தாவதோடு நின்றவள். டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டேன், கம்ப்யூட்டர் வந்ததும் அதன் முன்னால் போய் உட்கார்ந்தேன், யாரும் எழுப்பவில்லை. ஊருக்குள்ளேயே சாரம் என்ற பகுதியில் எனக்கு ஒரு டிசைன் கடை இருக்கிறது. பத்திரிகை, பேனர், கடைப் பலகை எல்லாம் செய்வேன். போன வாரம் நான் எழுதிய பூனை இன்னும் பிரிண்டர் மேல்தான் தூங்குகிறது. அக்கறையாக விசாரித்த வாசகர்களுக்கு அதன் சார்பில் நன்றி.

என் கம்ப்யூட்டரில் எழுத்து வகைகள் ஏராளம். ஒரே 'அ'வைக் குண்டாக, ஒல்லியாக, சாய்வாக, கோபமாக எழுதலாம். ஃபாண்ட் என்று சொல்கிறோமே, அதுதான். அவற்றில் ஒன்று யாரோ ஒரு புண்ணியவான் பென் டிரைவில் போட்டுக் கொடுத்த குவியலோடு வந்தது. ஆங்கிலத்தில் ஏதோ நீளமான பெயர். முதன்முதலில் அதைத் திரையில் பார்த்த என் வீட்டுக்காரர், "என்னாடி இது, எழுத்துக்கெல்லாம் மீச மொளச்சிருக்குது?" என்றார். அன்றிலிருந்து அது மீசை எழுத்து.

உண்மையில் அப்படித்தான் இருக்கும். 'க'வின் வால் கீழே போய்ச் சும்மா நிற்காது. முறுக்கிக்கொண்டு மேலே ஏறும். 'மு' முடிகிற இடத்தில் இரண்டு சுற்று. 'ண'வின் வயிற்றுக்குள் ஒரு குட்டி இலை. மெய்யெழுத்தின் புள்ளி புள்ளியாக இல்லாமல் பூவாக இருக்கும். கோட்டுக்கு நடுவே இன்னொரு மெல்லிய கோடு ஓடும், பக்கத்தில் நிழல் விழும். பழைய சோப்புப் பெட்டி, பழைய நாடக நோட்டீஸ், பழைய பங்களா வாசல் என்று எதையெதையோ நினைவுக்குக் கொண்டுவரும்.

ஆனால் அது பழசே இல்லை. யாரோ ஒரு பையனோ பெண்ணோ, ஏ.சி. அறையில் உட்கார்ந்து, சமீபத்தில் வரைந்தது. என் சின்ன மகனைவிட அந்த எழுத்துக்கு வயது குறைவு. அவனாவது இப்போதுதான் மீசைக்கு முயற்சி பண்ணிக்கொண்டிருக்கிறான். இது முளைக்கும்போதே மீசையோடு முளைத்தது.

யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது

வந்த புதிதில் எனக்கு அதன் மேல் பைத்தியம். எதைக் கொடுத்தாலும் மீசையை ஒட்டினேன்.

கூந்தல் தைலம் காய்ச்சுகிற ஒருவருக்கு பாட்டில் லேபிளில் போட்டுக் கொடுத்தேன். போன வருடம் ஆரம்பித்த தைலம், அந்த லேபிள் ஏறியதும் பரம்பரைத் தைலமாகிவிட்டது. "இப்ப எனக்கே சந்தேகமா இருக்குதும்மா, எங்க தாத்தா வைத்தியரா இருந்திருப்பாரோன்னு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பல் டாக்டர் ஒருவர் ஆசைப்பட்டுக் கேட்டார். போட்டேன். ஒரு வாரத்தில் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வாசல் வரை வருகிறவர்கள் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்களாம். "பழைய ஓட்டல்னா உள்ள வருவாங்க மேடம். பழைய பல் டாக்டர்னா குறடு வச்சிருப்பான்னு நெனைக்கிறாங்க."

வீராம்பட்டினத்துக்காரர் ஒருவர் தன் படகுக்கு மீசையில்தான் பெயர் வேண்டும் என்று அடம்பிடித்தார். பக்கத்திலிருந்து பார்த்தால் கல்யாண மண்டபம் மிதப்பதுபோல் அழகாக இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் முறுக்குத் தட்டு. "கரையில நின்னு எங்க அண்ணன் கைய நெத்தியில வச்சு தேடுறாரு. நான் எதுக்கால வந்துட்டே இருக்குறேன், அவரு என்னையே பாத்து, தம்பியக் காணோம்ங்குறாரு" என்றார்.

இதிலிருந்து ஒன்று கற்றுக்கொண்டேன். மீசை எழுத்தில் இரண்டு வார்த்தைக்கு மேல் போகக் கூடாது. ஒரு குடும்பம் கேட்கவில்லை. காதணி விழாப் பத்திரிகை முழுவதையும் மீசையிலேயே அடிக்கச் சொன்னார்கள். தாய்மாமன் பெயரிலிருந்து மண்டபத்தின் பெயர் வரை சுருளும் இலையும் பூவும். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அரியாங்குப்பத்தில் வேறொரு மண்டபத்துக்குப் போய், யாரோ ஒரு குழந்தைக்குக் காது குத்துவதைப் பார்த்து, வாழ்த்திவிட்டுச் சாப்பிட்டு வந்தார்கள். சண்டை வரும் என்று நான் பயந்தேன். ஒருவரும் கோபிக்கவில்லை. "அங்கயும் சாம்பாரு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் தாய்மாமன்.

புதிதாக ஒரு பழைய கடை

குமார் என் கடைக்கு வந்தது இதற்கெல்லாம் பிறகு. எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்தில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர். கம்பெனி ஊரை விட்டுப் போனதும், மனைவி தேன்மொழியின் சமையலை நம்பிச் சாப்பாட்டுக் கடை போட முடிவு செய்திருந்தார்.

"அக்கா, இந்த ஊருக்கு வர்றவங்க எல்லாம் பழசத் தேடித்தான் வர்றாங்க. பழைய வீடு, பழைய கதவு, பழைய சன்னலு, எல்லாத்துகிட்டயும் நின்னு போட்டோ எடுக்குறாங்க. நான் புதுசா தொறந்தா எவன் எட்டிப் பாப்பான்? அதனால புதுசா ஒரு பழைய கடை தொறக்கலாம்னு இருக்கேன்."

இந்த வாக்கியத்தை அவர் சிரிக்காமல் சொன்னார். நானும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டேன்.

பெயர் என்ன என்றேன். மகள் பெயர் முத்தரசி, வீட்டில் முத்து என்று கூப்பிடுவோம், முத்து மெஸ் என்று வைத்துவிடலாம் என்றார். முத்து விலாஸ் என்று வையுங்கள் என்று சொன்னது நான்தான். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. மீசை எழுத்தில் 'ஸ்' போட்டால் மயில் தோகை விரித்ததுபோல் வரும். அதைப் பலகையில் பார்க்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

"கீழ ஒரு வருஷம் போட்டுடலாமாக்கா? சும்மா, நூறு வருஷத்துக்கு முந்தி?" என்று குமார் இழுத்தார்.

கூட வந்திருந்த தேன்மொழி அதுவரை வாயைத் திறக்கவில்லை. "வருஷம் போட்டா பொய்யி. போடலன்னா அழகு. சும்மா இருங்க" என்றார். அன்றே அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போனது.

பாட்டில் பச்சை நிறத்தில் பலகை, சந்தன நிறத்தில் எழுத்து. செய்து முடித்ததும் அதைப் பழசாக்க வேண்டும். மூலைகளில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். டீ டிகாஷனைத் துணியில் நனைத்து மேலே ஒற்றினேன். சாவிக் கொத்தால் அங்கங்கே தட்டினேன். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "நல்லாருக்குற பலகையப் போட்டு ஏண்டி அடிக்கிற? அது உன்ன என்னா பண்ணுச்சு?" என்றார்.

ஊருக்கு ஞாபகம் வந்தது

கடை திறந்து சில வாரங்களில் நடந்ததுதான் எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஊருக்கு முத்து விலாஸ் ஞாபகம் வர ஆரம்பித்தது.

மார்க்கெட்டில் கீரை விற்கும் அம்மாதான் முதலில். "இந்தக் கடையா? எங்கம்மா கூட கைய புடிச்சுட்டு வந்தப்பவே இருந்துச்சே. நடுவுல கொஞ்ச நாள் பூட்டிக் கெடந்துச்சு." அடுத்து ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். "முத்து ரொம்பக் கறாரான ஆளுபா. எலையில சோத்த மிச்சம் வச்சா, நாளைக்கு வராதன்னுடுவாரு." ஓர் ஆட்டோக்காரர் ஒரு படி மேலே போய், முத்துவுக்கும் அவர் தம்பிக்கும் நடந்த பாகப்பிரிவினையை விளக்கிக்கொண்டிருந்தார்.

இவர்கள் யாரும் பொய் சொல்கிற ஆட்கள் இல்லை. பலகையை நிமிர்ந்து பார்க்கிறார்கள். அந்தச் சுருளையும் நிழலையும் பார்த்ததும் கண் லேசாகச் சொருகுகிறது. ஒரு முத்து தன்னால் நடந்து வருகிறார். குமாரைக் கேட்டால், "நான் இல்லன்னு சொல்ல வாயெடுக்கிறதுக்குள்ள அவங்களே அடுத்தத சொல்லிடுறாங்கக்கா" என்றார்.

எல்லாரிலும் பெரிய சாட்சி சொல்தா ஐயா. காலையில் தொப்பியோடு வந்து இட்லி சாப்பிடுவார். "பட்டாளத்துக்குக் கப்பல் ஏறுறதுக்கு மொத நாளு, இங்கதான், முத்து கையால சாப்ட்டேன். மீச இப்படி இருக்கும்" என்று இரண்டு கையாலும் காற்றில் முறுக்கிக் காட்டுவார். அவர் காட்டுகிற மீசை, பலகையில் இருக்கும் 'மு'வின் வாலேதான். அதே இரண்டு சுற்று.

முத்து இதையெல்லாம் கல்லா மேசைக்கு அடியில் உட்கார்ந்து, வாய்ப்பாடு எழுதிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தது. வருகிறவர்களுக்கு அது வெறும் பாப்பா. ஒருநாள் அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்து, "அப்பா, எனக்கு எப்பப்பா மீச இருந்துச்சு?" என்று கேட்டதாம்.

மொதல்ல ஒல வச்சது யாரு

இப்போது எதிர்ப்பக்கம் வருவோம்.

அஞ்சலை அக்கா வைத்திக்குப்பத்து மருமகள். அந்தச் சந்தில் முதலில் சாப்பாட்டுக் கடை போட்டவர் அவருடைய மாமியார் சின்னப்பொண்ணு அம்மா. மார்க்கெட்டில் மீன் விற்றுக்கொண்டிருந்தவர், விற்காத மீனைக் குழம்பு வைத்து அங்கேயே சோறு போட ஆரம்பித்தார். குழம்பில் பச்சை மாங்காய் போடுவது அவர் கைப்பழக்கம். இன்னொரு பழக்கமும் உண்டு. ஊரை விட்டுப் போகிறவர் யார் வந்தாலும், கேட்காமலே மீன் தலையை எடுத்து இலையில் வைத்துவிடுவார். ஏன் என்றால், "போற ஊருல தலைய வெட்டித் தூர எறிஞ்சுடுவானுங்க. அங்க யாரு குடுப்பா?" என்பாராம். இரண்டு பழக்கத்தையும் அக்கா இன்றும் விடவில்லை. துபாய்க்குப் போகிறவர்கள் டிக்கெட்டைக் காட்டித் தலை வாங்கிப் போகிறார்கள்.

அப்படிப்பட்ட கடைக்கு, முத்து விலாஸ் வருவதற்குச் சில மாதம் முன்னால்தான் நான் பலகை மாற்றிக் கொடுத்திருந்தேன். பழைய தகரப் பலகை வேண்டாம் என்று அக்காவே தீர்மானித்தார். "தூரத்துலேர்ந்து பாத்தா ஏரோப்ளேன் எறங்குற மாதிரி இருக்கணும் தங்கச்சி." அவர் கேட்டபடியே செய்தேன். சிவப்பு, மஞ்சள், சுற்றி ஓடுகிற விளக்கு, கட்டை கட்டையாக எழுத்து, மூலையில் அக்காவின் சிரித்த முகம். அக்காவுக்குப் பரம திருப்தி. பக்கத்துக் கடைக்காரர் மட்டும், "மெடிக்கல் ஷாப்புக்கு மாத்திர வாங்க வந்துட்டோமோன்னு ஒரு நிமிசம் யோசிக்க வேண்டியிருக்குதுக்கா" என்றார்.

இந்த நிலையில்தான் பிரவீன் வந்தான். வெளியூர்க்காரர்களைப் பழைய தெருக்களில் நடத்திக் கூட்டிக்கொண்டுபோய்க் கதை சொல்கிற பையன். ஞாயிற்றுக்கிழமை நடை முடிந்ததும் மதியச் சாப்பாடு. முதல் ஞாயிறு கூட்டத்தோடு சந்துக்குள் நுழைந்து, "இப்ப நாம போகப்போறது இந்தச் சந்துலயே ரொம்பப் பழைய சாப்பாட்டுக் கடை" என்றான். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, முந்தானையைச் சரி செய்துகொண்டு, வாசலுக்கு வந்து நின்றார். கூட்டம் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, முத்து விலாஸுக்குள் நுழைந்தது.

மறுநாள் காலை என் கடையில் வந்து உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"கூட்டம் அங்க போறது எனக்கு ஒண்ணுமில்ல தங்கச்சி. எனக்கு இருக்குற ஆளுக்கே பெஞ்சு பத்தல. அந்தப் பொண்ணு தேன்மொழியும் நல்லாத்தான் சமைக்குது, நான் வாங்கித் தின்னு பாத்துட்டேன். ஆனா அந்தச் சந்துல மொதல்ல ஒல வச்சது யாரு? எங்க மாமியா. அந்தப் பேரு எங்க வீட்டுப் பேரு. அத ஒரு பலகைக்குத் தூக்கிக் குடுத்துட முடியுமா? அதவிடப் பழசா எனக்கு ஒண்ணு போட்டுக் குடு."

குளியலறைக் கதவு

போட்டேன். மீசை எழுத்திலேயே, குமாருடையதைவிடப் பெரிதாக, இரண்டு தடவை டிகாஷன் ஒற்றி. 'அஞ்சலை'யின் 'லை' மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்ட பெரியவர் மாதிரி கம்பீரமாக வந்தது. ஏரோப்ளேன் இறங்கிப் போனது, மீசை ஏறியது.

விளைவு படுமோசம். "என்னாக்கா, எதிர்க்கடையப் பாத்து காப்பியா?" என்று கேட்டார் பாகப்பிரிவினை ஆட்டோக்காரர். ஊர் பார்க்கப் பலகையை மாற்றினால் என்ன ஆகும்? நேற்று மாட்டிய பழசைவிட, போன மாதம் மாட்டிய பழசுக்குத்தான் வயது அதிகம். பிரவீனோ, "நல்லாருக்குக்கா, முத்து விலாஸ் ஸ்டைல்லயே பண்ணியிருக்கீங்க" என்று பாராட்டிவிட்டுப் போனான். அக்கா ஒரு முழுநாள் யாரோடும் பேசவில்லை. பரிமாறியது மட்டும்தான்.

பிறகு அவருக்கே ஒரு யோசனை வந்தது. மாமியார் காலத்துத் தகரப் பலகை! அது எங்கேயும் போய்விடவில்லை. வைத்திக்குப்பத்து வீட்டில் குளியலறைக் கதவாக இருந்தது. வீட்டில் கலவரம் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். அக்காவின் மருமகள் ஒரு வாரம் சாக்குப் படுதா கட்டித்தான் குளித்தாள். அக்கா கதவைக் கழற்றிக்கொண்டுவந்து கடை வாசலில் சாய்த்துவிட்டு, பிரவீனைப் பிடித்து நிறுத்தினார்.

அவன் குனிந்து பார்த்தான். சுற்றிவந்து பார்த்தான். பாவம், அவனைக் குற்றம் சொல்ல முடியாது. எழுதினவர் அவசரமாக, நேராக, சாதாரண எழுத்தில் 'சாப்பாடு தயார்' என்று மட்டும் எழுதியிருந்தார். சுருளும் கிடையாது, நிழலும் கிடையாது. போதாக்குறைக்கு, சுத்தக்காரியான அந்த மருமகள் இத்தனை மாதமும் வாராவாரம் சோப்புப் போட்டுத் தேய்த்து அதைப் பளபளவென்று வைத்திருந்தாள்.

"இது ரொம்பப் புதுசா இருக்கேக்கா" என்றான் பிரவீன் தயக்கத்தோடு. "பழசுன்னா எழுத்து வேற மாதிரி இருக்குமே" என்று எதிர்ப்பக்கம் நிமிர்ந்து, தோகை விரித்த என் மயில் 'ஸ்'ஸைப் பார்த்தான்.

ஆனாலும் நேர்மையான பையன். எந்தக் கடை பழசு என்று ஆளுக்கொன்று சொல்வதால், நேரில் பார்த்த ஒருவரைக் கேட்டு முடிவு செய்துவிடலாம் என்றான். ஊர்ப் பெரியவர், வெளிநாடு பார்த்தவர், வேண்டியவர் வேண்டாதவர் பார்க்காதவர் என்று அவன் தேர்ந்தெடுத்த சாட்சி, சொல்தா ஐயா. அடுத்த ஞாயிறு கூட்டத்துக்கு முன்னால் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. அக்கா எனக்குப் போன் செய்தார். "பலக எழுதுனவ நீ. வந்து நில்லு."

முத்து வந்தார்

அதனால்தான் அன்று சாக்கடை மூடியின் மேல் நின்றிருந்தேன்.

சொல்தா ஐயா இஸ்திரி போட்ட சட்டையில், நெஞ்சில் ஒரு பதக்கத்தோடு வந்திருந்தார். இலைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு முறை இருமி, ஆரம்பித்தார். கப்பல், மழை, கையில் தகரப் பெட்டி. வயிற்றில் பசி, மனதில் பயம். அப்போது இந்தக் கடை, இந்த இடம். "முத்து என்னப் பாத்தாரு. பாத்தாருன்னா, அப்படியே உள்ள வரைக்கும் பாத்தாரு. ஒண்ணும் கேக்கல. சோறு போட்டாரு." காற்றில் மீசையை முறுக்கினார். கூட்டம் சாப்பிடாமல் அவரையே பார்த்தது. ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். குமார் சாம்பார் வாளியோடு தூண் மாதிரி நின்றார்.

"முத்து கையால சாப்ட்டவன் நான். முத்துவப் பாக்காதவன் இந்த ஊரப் பாக்காதவன்" என்று முடித்தார் சொல்தா ஐயா.

அதற்குத்தான் அக்கா, எதிர் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து, நான் முதலில் எழுதியதைச் சொன்னது. முத்து யார் என்று அக்காவுக்கு நன்றாகவே தெரியும். பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் தெருவைத் தாண்டி வந்து, அக்காவிடம் கை நீட்டி வறுத்த நெத்திலி வாங்கித் தின்னும் வாய் அது.

தேன்மொழி ஒரு பெருமூச்சு விட்டு, உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "ஏ முத்து! இங்க வாடி!"

ஒரு பக்கம் பின்னி, மறுபக்கம் பின்னாத தலையோடு, பென்சிலைக் கடித்துக்கொண்டு முத்து வந்தது.

"பேத்தியா?" என்று ஆவலாகக் கேட்டார் தொப்பிக்காரர் ஒருவர்.

"இல்லீங்க" என்றார் குமார், தரையைப் பார்த்தபடி. "முத்துவேதான்."

"உன் பேரு என்னா பாப்பா?" என்றான் பிரவீன்.

"முத்தரசி. மூணாங்கிளாஸ் பி செக்ஷன்."

யாரோ ஒருவர் பொறுக்க முடியாமல் 'புஸ்' என்றார், அவ்வளவுதான், மொத்தக் கடையும் சிரித்தது. கண்ணைத் துடைத்த பெண்மணி இப்போது வேறு காரணத்துக்காகத் துடைத்தார். நானும் சிரித்தேன். அப்போதுதான் சொல்தா ஐயாவைப் பார்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, அதற்குள் எதையோ தொலைத்தவர்போல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். காதுமடல் சிவந்திருந்தது. நெஞ்சில் பதக்கம் மட்டும் ஆடியது.

அக்கா ஜெயித்துவிட்டார். இனி ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த மனிதர் இந்தச் சந்துப் பக்கம் தலைவைக்க மாட்டார். அக்காவின் வாய் எனக்குத் தெரியும். காத்திருந்தேன்.

"சொல்தா ஐயா" என்றார் அக்கா. குரலில் காரம் இல்லை. "அன்னைக்கு எலையில என்னா போட்டாங்க? அது ஞாபகம் இருக்குதா?"

அவர் நிமிரவில்லை. "இருக்குதும்மா" என்றார். "மீன் கொழம்பு. பச்ச மாங்கா போட்டு. நான் கேக்கவேயில்ல, ஒரு பெரிய தலைய எடுத்து வச்சாங்க. 'தின்னு, போற ஊருல யாரு குடுப்பா'ன்னு சொல்லிட்டு… பொடவத் தலைப்புல கையத் தொடச்சிக்கிட்டு…"

நிறுத்தினார். மீசை முறுக்கத் தூக்கிய கை பாதியில் நின்றது. புடவை கட்டிய ஒரு முத்துவை அவர் இப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. மெதுவாகத் தலையைத் திருப்பி, தெருவைத் தாண்டி, சோப்புப் போட்டுத் தேய்த்த அந்தத் தகரத்தைப் பார்த்தார்.

பிரவீனும் பார்த்தான். கூட்டமும் திரும்பிப் பார்த்தது.

அக்கா மட்டும் பார்க்கவில்லை. கையிலிருந்த கரண்டியை முத்துவிடம் கொடுத்து, "கெட்டியா புடி" என்று சொல்லிவிட்டு, தன் கடைக்கு நடந்தார். திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் துணி சுற்றி, குழம்புச் சட்டியையே தூக்கிக்கொண்டு வந்தார். மாங்காய் வாசனை அவருக்கு முன்னால் தெருவைத் தாண்டியது. சட்டியை சொல்தா ஐயாவின் இலைக்குப் பக்கத்தில் இறக்கினார். முத்துவின் பின்னால் குனிந்து, கரண்டி பிடித்திருந்த அந்தச் சின்னக் கையைத் தன் கையால் பொத்தி, சட்டிக்குள் விட்டுத் துழாவி, இருப்பதிலேயே பெரிய தலையாகப் பார்த்து எடுத்து, ஒரு மாங்காய்த் துண்டோடு அவர் இலையில் வைத்தார், முத்துவின் கையாலேயே.